உப்புக்காட்டு சூனியக்காரியை எடுத்தவர்

செய்தி வந்தபோது திருவையாற்றில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் பழைய படங்களைத் தேடித் திரையிடும் பிள்ளைகளான உங்களில் ஒருவர் கூப்பிட்டார். "நம்ம சூனியக்காரி டைரக்டர் காலையில தவறிட்டாரும்மா. பட்டுக்கோட்டையில, வீட்டுலயே. தூக்கத்துல போயிட்டாராம்." என் முகம் மாறியதைப் பார்த்து மருமகள், "யாரு அத்தை?" என்று கேட்டாள். "தெரிஞ்சவரு ஒருத்தரு" என்றேன். சொன்னதும் எனக்கே கூசியது.

சிவஞானம் அண்ணனை நீங்கள் எல்லோரும் ஒரே ஒரு படத்தின் இயக்குநராக அறிவீர்கள். கறுப்பு வெள்ளையில் வந்த 'உப்புக்காட்டு சூனியக்காரி'. அந்தரத்தில் பறக்கும் எலுமிச்சம்பழத்தின் நூல் தெரியும். இரவு என்று காட்டும் இடத்தில் மரத்தின் நிழல் தரையில் விழுந்திருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அதே ஒற்றைப் பனை நிற்கும். ஊரார் அடித்துக் கொன்ற பெண் சூனியக்காரியாகத் திரும்பி வந்து, தன்னை அடித்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தீர்ப்பாள். அவருடைய நினைவு மலருக்காகப் படப்பிடிப்பு அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் படப்பிடிப்புப் பக்கம் போனதே இல்லை. அண்ணன் என்னை உங்களிடம் 'வேண்டியவங்க' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கதை யாருடையதோ, அவருடைய மகள் நான்.

என் அம்மா வேதாரண்யத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் உப்பளத்தில் வேலை செய்தவர். அப்பா நான் பிறந்த சில மாதங்களில் இறந்துவிட்டார். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேரன் காய்ச்சலில் இறந்தான். இறப்பதற்கு முன்தினம் அம்மா அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. நான்கு ஆண்கள் அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். முடியை அறுத்தார்கள். பல்லை உடைத்தால் சூனியம் பலிக்காது என்பது அங்கே நம்பிக்கை. முன்பற்கள் இரண்டைக் கல்லால் உடைத்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா பட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அண்ணனின் தந்தைக்குச் சொந்தமான கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கும் வேலை கிடைத்தது.

அண்ணன் அப்போது சினிமாப் பித்துப் பிடித்த இளைஞர். ஒருநாள் களத்தில் சாப்பாட்டு நேரத்தில், "பல்லு எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் அம்மாவிடம் அதைக் கேட்டதில்லை. அம்மா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர் அழுதார் என்று அம்மா சொல்வார். அந்த அழுகை பொய்யில்லை என்றும் சொல்வார்.

மறு வருடம் படம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு நானும் டூரிங் கொட்டகைக்குப் போனேன். சூனியக்காரி முதன்முதலாகத் திரும்பி வாயைத் திறந்தபோது என் பக்கத்தில் இருந்தவர்கள் அலறினார்கள். நான் அலறவில்லை. முன்பல் இரண்டு இல்லாத அந்த வாய் எனக்குப் பழக்கமானது. திரும்பும் வழியில் ஒருத்தி, "உங்கம்மா மாரியே இருக்குல்லடி?" என்றாள். சில நாட்களில் தெரு முழுக்க அதே பேச்சு. களத்தில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் என்ன செய்தேன்? "நீ பள்ளிக்கூடத்துப் பக்கம் வராத. வந்தாலும் வாயத் தொறக்காத" என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

அம்மா தனியாகப் போய்ப் படத்தைப் பார்த்தார். மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"படம் பாத்தேன் தம்பி."

அவர் முகம் மலர்ந்தது. "எப்படிம்மா இருந்துச்சு?"

"அந்தப் பொம்பள நாலு பேரையும் கொன்னுட்டாளே. நான் யாரையும் ஒண்ணும் பண்ணலயே."

"அது கதைம்மா, நீங்க இல்ல. அவ பழி வாங்கினாத்தான் சனங்க கைதட்டும். உங்களுக்குக் கெடைக்காத நியாயம் அவளுக்காவது கெடைக்கட்டுமேன்னு..."

"கதைன்னா என் பல்லு எதுக்கு தம்பி அதுல?"

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் செய்யலன்னு அன்னிக்கு அவ்ளோ கெஞ்சினேன். ஒருத்தரும் நம்பல. நீங்க நம்பினீங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னேன். இப்ப நீங்களே எனக்கு சூனியம் தெரியும்னு காட்டிட்டீங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திண்டாடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தை நிறுத்த அலைந்து பார்த்தார். படப்பெட்டிகள் எல்லாம் கொட்டகைக்காரர்களிடம் கைமாறிவிட்டிருந்தன. ஓடுகிற படத்தை யார் நிறுத்துவார்கள்?

பிறகு அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அம்மாவின் பல்லை உடைத்த அந்த ஊருக்கே போனார். டீக்கடை முன்னால் நின்று, "நான்தான் அந்தப் படத்தை எடுத்தவன். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான் எடுத்ததும் பொய், நீங்க சொன்னதும் பொய்" என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. சினிமாக்காரர் வந்திருக்கிறார் என்ற கூட்டம். சூனியக்காரியாக நடித்தவர் எப்படி இருப்பார் என்று ஒருவர் கேட்டார். அண்ணனுக்கு நாற்காலி வந்தது, கலர் சோடா வந்தது. அம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான்கு பேரில் ஒருவர் அந்தக் கூட்டத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு அவரைக் கண்ணால் காட்டினார். அண்ணன் நாற்காலியில் உட்காரவும் இல்லை, சோடாவைத் தொடவும் இல்லை. பஸ் வரும்வரை அம்மாவோடு வெயிலில் நின்றார்.

பஸ்ஸில் அம்மா சொன்னார்: "நீங்க என்னப் பத்திதான் பேசினீங்க தம்பி. ஆனா ஒருத்தரும் என்னப் பாக்கல."

அவர் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பாகம் எடுக்கச் சொல்லி மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "செத்தவ திரும்பி வந்து பழி வாங்குற கதை உங்களுக்கு வேணும். உசுரோட இருக்கவ பழி வாங்காம இருக்குற கதைதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவின் கொப்பரை வியாபாரத்தையே பார்த்துக்கொண்டார்.

அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் பல் கட்டி வைத்ததும் அவர்தான். அம்மா அதை எல்லா நாளும் போட்டுக்கொள்வார். அண்ணன் வீட்டுக்கு வரும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுவார். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அம்மாவின் வாயைப் பார்த்தே பேசுவார். அம்மா அவரை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால் காபி கொடுப்பார். அம்மா இறந்தபோது தீச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தவர் அவர்.

போன வருடம் நீங்கள் தஞ்சாவூரில் படத்தைத் திரையிட்டு அவரை மேடைக்கு அழைத்தீர்கள். அதற்கு முன்பே எனக்குப் போன் செய்தார். "அம்மா பேரைச் சொல்லவாம்மா?" வேண்டாம் என்றேன். கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ வீடுகளில் காய்ச்சலுக்கு மந்திரிக்காதீர்கள் என்று சண்டை போட்டவள். என் கணவரிடம்கூட அம்மாவின் கதையைச் சொன்னதில்லை. "கீழே விழுந்து பல் உடைந்தது" என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை அரங்கில் சூனியக்காரி வாயைத் திறந்தபோது நீங்கள் விசிலடித்தீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. படம் முடிந்து அண்ணன் மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்துல வர்ற அம்மா நெசமா இருந்தவங்க. அவங்களுக்கு ஒரு சூனியமும் தெரியாது. யாரையும் பழி வாங்கல. நான்தான் பொய்யா எடுத்தேன். அவங்க பேரு..." நிறுத்திவிட்டு, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பேரச் சொல்ற உரிமை எனக்கில்ல" என்று உட்கார்ந்துவிட்டார். அதையும் ஒரு வசனம் என்று நினைத்து நீங்கள் கைதட்டினீர்கள்.

வெளியே காருக்காக நின்றவரிடம் போய், "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "எதுக்கும்மா? வெக்கப்பட வேண்டியது நான். அத எங்கிட்டயே விட்டுரு" என்றார். அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த வெட்கத்தை அவரிடமே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எடுபடாது என்று தெரிந்தும் நாலு பேர் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தவர் அவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். நேற்று இதை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள், "அவங்க பேரு என்ன அத்தை?" என்று கேட்டாள். இத்தனை வருடம் இந்த வீட்டில் இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

காசியம்மாள். என் அம்மாவின் பெயர் காசியம்மாள்.