செல்ஃப் மோட்டாரும் சுடுகிற சோக்கும்

எங்கள் பழைய கார் கிளம்பாவிட்டால் என் கணவர் இனி வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டார். போன தை மாதம் முழுக்க எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். போனில் சொன்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஒரு டாக்சி சொன்னா வாசலுக்கு வரப்போகுது, இதுக்குப் போயி ஏம்மா?" என்றார்கள். அவர்களுக்குத் தங்கள் அப்பாவைத் தெரியும், ஆனால் அவரோடு குடித்தனம் நடத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அவர் வேளாண்மைத் துறையில் இருந்தவர். குளத்தூரிலிருந்து விராலிமலை வரைக்கும் அவர் கால் படாத வரப்பு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் டீ குடித்த கையோடு காரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். யார் வீட்டுக் கடலையில் பூச்சி விழுந்திருக்கிறது என்பது அன்னவாசலில் வீட்டிலிருக்கிற எனக்குத் தெரிவதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். திருச்சியில் ஆபரேஷன் நடந்தது, புது மூட்டு வைத்தார்கள். தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, மற்றபடி நன்றாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

இப்போதைய கார்களில் தலையைக் குனிந்து, காலை மடக்கி, பள்ளத்தில் இறங்குவது போல் இறங்கி உட்கார வேண்டும். எங்கள் கார் அப்படியில்லை. திருமயம் பக்கத்துக் குடும்பம் ஒன்று சென்னைக்கே குடிபோனபோது எங்களிடம் விட்டுப்போன வண்டி அது. உருண்டை விளக்கு, ஸ்டியரிங்கிலேயே கியர், அகலமான கதவு, முன்னால் பெஞ்சு போல ஒரே நீளச் சீட்டு. நாற்காலி உயரம் இருக்கும். உட்கார்ந்துகொண்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் போதும்.

"போனா இந்த வண்டியில போறேன். இல்லாட்டி இங்கிட்டே கெடக்கேன், விடு," என்று சொல்லிவிட்டார். அதில் பாதி சாக்கு என்று எனக்குத் தெரியும். விழுந்த மனுஷனுக்கு வெளியே போகப் பயம். அந்தப் பயத்தை வாயால் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் காரைத் தவிர வேறு எதைக் காட்டியும் அவரை ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது.

அந்தக் காரோ நோயில் கிடந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றி எழுப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை எங்கள் பக்கம் செல்ஃப் என்பார்கள். செல்ஃப் அடித்தால் 'ர்ர்... ர்ர்...' என்று முனகும். ஆயுத பூசை முடிந்ததிலிருந்தே இந்த இழுவை. அவர் விழும் வரைக்கும் எப்படியோ தாஜா பண்ணி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது, அவரும் உட்கார்ந்தார்.

முதலில் பேட்டரி மேல் பழியைப் போட்டுப் புதுசு வாங்கி மாட்டினேன். அதே முனகல். அப்புறம் விராலிமலையிலிருந்து மோட்டார் வைண்டிங் கடைக்காரர் வந்து செல்ஃபைக் கழற்றிக்கொண்டு போனார். உள்ளே தேய்ந்திருந்த கார்பன், புஷ் எல்லாம் மாற்றித் திரும்பக் கொண்டுவந்து, மாட்டுவதற்கு முன்னால் தரையில் வைத்து பேட்டரியில் தொட்டுக் காட்டினார். மோட்டார் கையிலிருந்து துள்ளிக் குதித்தது. எனக்கு வாயெல்லாம் பல். மாட்டிச் சாவியைத் திருப்பினால், ர்ர்... ர்ர்...

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "செல்ஃபுல ஒண்ணும் இல்லைங்க டீச்சரம்மா. எஞ்சின்தான் இறுகிருச்சு போல. வண்டிக்கும் வயசாச்சுல்லங்க."

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். காலை நீட்டி மடக்கச் சொன்னால், "இறுகிப்போன எஞ்சின் டீச்சர், விட்டுரு," என்பார். சயன்ஸ் டீச்சராக இருந்த என்னைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. ஆனால் இந்த இறுகிப்போன எஞ்சின் மட்டும் எனக்குக் கேலியாகப் படவில்லை.

காரைக்குடியில் ஒருவர் ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்த பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அவருக்குப் பிடிகொடுக்காத என் கணவர், ஒரு நாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கங்க," என்று போனில் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துப்போட்டுக் கழுவினேன். இவர் சத்தம் கேட்டும் கேட்காதது போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கரியே இல்லாத வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. தரையில் துள்ளின மோட்டார் காரில் ஏன் முனகுகிறது? அதே மோட்டார், அதே பேட்டரி. எஞ்சின் இறுகிவிட்டது என்று சொன்னார்களே தவிர யாரும் சுற்றிப் பார்க்கவில்லையே.

காரின் டிக்கியில், முன்பக்க ஓட்டையில் விட்டு எஞ்சினைக் கையால் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி ஒன்று கிடந்தது. வியாழக்கிழமை காலையில் அதைத் தேடி எடுத்தேன். கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றினேன். ஒரு இடத்தில் கனத்தது, அழுத்தினால் நழுவிப் போனது. உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் அது. ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டுகிற கஷ்டம்கூட இல்லை. எஞ்சின் இறுகவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பேட்டரியிலும் கோளாறில்லை, செல்ஃபிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை என்றால், கரண்ட் போய் வருகிற பாதையில்தான் எங்கோ அடைப்பு. இன்வெர்ட்டருக்காக வாங்கிய மீட்டர் அலமாரியில் இருந்தது. ஆனால் நான் மீட்டரைப் பார்க்கும்போது செல்ஃப் அடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு ஆள் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"நாளைக்கு விக்கிற வண்டிக்கு இன்னைக்கு எதுக்கு டீச்சர் பரீட்சை?"

"பரீட்சை வச்சுட்டே வித்துக்குவோம். எந்திரிங்க."

"இடுப்பு வலிக்குது."

"சீட்டுல உக்காந்து வலிக்கட்டும். எந்திரிங்கன்னா எந்திரிங்க."

என் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது போலிருக்கிறது. வாக்கரைப் பிடித்து அடி அடியாக வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினார். ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். நான் பார்க்காதது போல் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"அடிங்க."

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன், வோல்ட் அவ்வளவாக இறங்கவில்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃபுக்குப் போகிற தடித்த கேபிளில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் ஒன்றும் வீணாகவில்லை. போகிற பாதை சரியாக இருந்தது. "இன்னொரு தரம்," என்றேன்.

"சோக்கு சுடுது டீச்சர்."

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது டாஷ்போர்டில் இழுத்துப் பிடிக்கிற குமிழ்தான் சோக்கு. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி எஞ்சின் வரைக்கும் போகும். இது சுடுகிறது என்று விழுவதற்கு முன்னாலேயே இவர் சொல்லியிருந்தார். "ஒங்களுக்கு எல்லாந்தான் சுடும்," என்று நான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இந்தத் தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்த டீ டம்ளர் மாதிரி சுட்டது.

அந்தக் கம்பிக்கும் கரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதில் ஏன் கரண்ட் ஓடுகிறது?

பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகிற கரண்ட் எஞ்சினின் இரும்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் காரின் உடம்பையும் பின்னல் போட்ட ஒரு தடித்த செம்புப் பட்டை இணைக்கிறது. எர்த் பட்டை என்பார்கள். கரண்ட் அந்தப் பட்டை வழியாக காரின் உடம்புக்கு வந்து, பேட்டரி மைனஸ்ஸைச் சேரும். அந்தப் பட்டை வேலை செய்யாவிட்டால் கரண்ட் கிடைத்த சந்தில் புகுந்து திரும்பப் பார்க்கும். இந்தக் காரில் அது சோக்குக் கம்பிக்குள் புகுந்திருந்தது. மெல்லிய கம்பி அவ்வளவையும் தாங்காமல் சுடுகிறது, செல்ஃப் அரை வயிற்றுக் கஞ்சியோடு முனகுகிறது.

மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸ்ஸிலும் வைத்து, "அடிங்க," என்றேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண் மூன்று வோல்ட்டைத் தாண்டி ஏறியது. நான் பம்பர் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன டீச்சர், போச்சா?" அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"போகலைங்க. எஞ்சின் ஜம்முனு இருக்கு. திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு."

ஸ்பேனர் போட்டு எர்த் பட்டையைக் கழற்றினேன். பட்டையின் நுனி, போல்ட், வாஷர், அது உட்கார்ந்திருந்த இடம் எல்லாமே வெள்ளி நிறத்தில் பளபளத்தன. போல்ட்டின் தலையில் சந்தனம், அதன் நடுவில் காய்ந்துபோன குங்குமம்.

எல்லோரும் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இவருக்கு அது போதாது. பானெட்டுக்குள் தெரிகிற இரும்புக்கெல்லாம் வருஷா வருஷம் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார். ஆபீஸ் ஜீப்புக்கு அப்படிச் செய்து பழகியது. பட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"இதையும் கழட்டியா அடிச்சீங்க?"

"ஆமா. எப்பவும் மேலாப்புலதான் அடிப்பேன். இந்த வருஷம் கழட்டி அடியிலயும் அடிச்சேன். பூசைன்னா மறைவுலயும் சுத்தமா இருக்க வேணாமா?" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் பட்டையை உற்றுப் பார்த்தார். கரண்ட் பெயிண்ட்டுக்குள் புகாது என்பதை நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. "அடக் கடவுளே," என்று வாயில் கை வைத்தார்.

நான் தேடி எடுத்துவந்த உப்புத்தாளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். மடியில் துண்டை விரித்து, செம்பு தெரிகிற வரைக்கும் அவரே தேய்த்தார். போல்ட் உட்கார்கிற இடத்தை நான் தேய்த்தேன். இறுக்கி மாட்டிவிட்டு, "இப்ப அடிங்க," என்றேன்.

சாவி திரும்பியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். முனகலே இல்லை. புகை கக்கி, ஒரு குலுக்கு குலுக்கி, சீராக ஓட ஆரம்பித்தது. அவர் சோக்கைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு டீச்சர்!" என்று கத்தினார். மார்பில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. பெட்ரோல் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவராகவே எனக்காக ஒரு பொய் சொன்னார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரைக்குடிக்குப் போன் போட்டார். "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க. ஆமா, இறுகிருச்சுன்னு சொன்னாங்க. அதெல்லாம் இறுகலைங்க," என்றார்.

கார் அப்படியே நகர்ந்துவிடுமோ என்று எனக்குப் பதற்றம். "டாக்டர் ஓட்டச் சொல்லல," என்றேன்.

"நான் ஓட்டுறேன்னு சொன்னேனா? நீ ஓட்டு." இரண்டு கையையும் ஊன்றி அந்த நீளச் சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "அங்கிட்டு, கண்மாய்ப் பக்கம் விடு. கடலை எப்படி இருக்குன்னு பாப்போம்."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கியரைப் போடப் போனேன். "இரு, இரு," என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். வலிக்கிறது போல, மனசு மாறிவிட்டது போல என்று எனக்குத் திக்கென்றது.

"வாக்கர் வாசல்லயே நிக்குது பாரு," என்றார். "எடுத்துப் பின்னால போடு. அங்க எறங்கணும்ல."