ராஜகிரியில் படி வளர்ந்த கதை

ராஜாங்கம் அண்ணனை முதலில் பார்த்தது ராஜகிரிக் கோட்டைப் படியில். எம்.ஏ. ரிசல்ட் வந்த வாரம் அது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் பாதி மலையில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, அந்த வளைவு தாண்டினா உச்சிதான்" என்றார், உச்சியில் காவல் பார்க்கும் அவர். நாலு வளைவு தாண்டிய பிறகே உச்சி வந்தது.

அதிலிருந்து பழக்கம். போன மழைக்காலம் முடிந்ததும் சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ படிச்சவன். ஒரு மனு எழுதிக் குடு. மழையில மண்ணு கரைஞ்சு படியெல்லாம் ஒசந்துட்டுது. அதான் லேட்டாவுது."

ஒன்பது மணிக்குள் உச்சியில் நிற்காத காவலாளிக்கு வேலை இல்லை என்று புது சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அண்ணன் அந்த வாரம் மூன்று நாள் தாமதம்.

அளக்காமல் எழுத மனம் வரவில்லை. மறுநாள் டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் இறங்கினார். அவர் மனைவி சுமலதா விடவில்லை.

"மலைப்படிதான் வளந்துச்சு. வாசப்படியுமா வளந்துச்சு?"

"அது சிமெண்டு. உனுக்குத் தெரியாது."

கல்லூரியில் ஒரு பழைய கிரேக்க வினைச்சொல் படித்தேன். மனதை ஏமாற்றுவது என்று பொருள். அதிலும் தன் மனதைத் தானே. அன்றைக்குப் பரீட்சையில் உதாரணம் கிடைக்காமல் திண்டாடினேன். இப்போது உதாரணம் எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தது.

மலையில் டேப்பை அவர் தொடவிடவில்லை. முப்பது வருடத்துக்கு முன் உடைந்த ஒரு படிக்கு மாற்றுக்கல் போட்டபோது, கையால் அளந்து சொன்னவரே அவர்தான்: ஒரு சாண், நாலு விரல். அதே படியில் குனிந்து கையை வைத்தார். ஒரு சாண். நாலு விரல்.

"கையும் வளந்திருக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. தோளைக் கொடுத்துத் தூக்கினேன்.

"முட்டி போயிடுச்சுடா. சொன்னா வேல போயிடுமே."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து மனுவை எழுதினேன். படியைப் பற்றி ஒரு வரி இல்லை. முட்டியைப் பற்றி உண்மையும், கீழே வேலை வேண்டும் என்ற வேண்டுகோளும் மட்டும். சூப்பர்வைசர் இரண்டு முறை படித்துவிட்டு, "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாராம்.

இப்போது ராஜாங்கம் அண்ணன் கோட்டையின் கீழ்வாசலில், வருகிறவர்களின் பைகளைச் சோதித்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார். புதன்கிழமைகளில் முட்டி வைத்தியத்துக்கு விழுப்புரம் போகிறார்.