சாப்பாட்டு மேசையில் ஹெச்-இண்டெக்ஸ்

மேற்கோள் எண்ணுகிற வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது பள்ளிக்கூடக் காலத்திலேயே தீர்ந்துவிட்டது.

ஒருவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவற்றை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை சுட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, பதவி உயர்வு ஃபைலில் அடுக்கித் தருவதுதான் என் வேலை. ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எல்லாம். காலேஜ் வாத்தியாரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் கிராக்கி

முதல் கிராக்கி என் வீட்டுக்காரர். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கக் கட்டுரைப் பட்டியல் வேண்டும் என்றார். கட்டுரைகள் எங்கே என்று கேட்டால், மூன்று பென்டிரைவ், ஒரு சூட்கேஸ், பீரோ மேல் ஒரு அட்டைப்பெட்டி என்று கை காட்டினார். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. நோட்டில் மார்ஜின் கோணலாக இருந்தாலே வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வருஷவாரியாக அடுக்கினேன்.

இருபத்தாறு என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இருபத்திரண்டில் வந்து நின்றது. ஒரே கட்டுரை இரண்டு தலைப்பில் இருந்தது. ஒன்று, நடக்காமலே போன மாநாட்டுக்கு அனுப்பியது. ஒன்று, மழைநீர் வடிகால் பற்றிப் பத்திரிகைக்கு எழுதிய வாசகர் கடிதம். நாலாவது எதுவென்று அவருக்கே நினைவில்லை. இருபத்திரண்டுக்கே பதவி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் கல்லூரியில் எல்லோரிடமும் எனக்கு விளம்பரம் செய்தார்: "எங்க வீட்ல குடுத்தா சுத்தமா செஞ்சு குடுப்பாங்க. என்ன, குடுத்ததவிட நாலு கம்மியாத்தான் திரும்பி வரும்."

எதிர்வீட்டுச் சந்தேகம்

சனிக்கிழமை ஆனால் வாசலில் செருப்பு நிறைய ஆரம்பித்தது. எதிர்வீட்டுக் கஸ்தூரிக்குத் தாங்கவில்லை. "இன்னாக்கா, லேப்டாப்போட ஆளுங்க வந்துகினே கீறாங்க, டியூஷன் எடுக்கிறியா?" என்றபடி அவரைக்காயும் முறமுமாக வந்து உட்கார்ந்தாள். ஹெச்-இண்டெக்ஸ் என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கினேன். ஒருத்தருடைய எட்டுக் கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் எட்டுத் தடவையாவது மற்றவர்கள் சுட்டியிருந்தால் அவருடைய எண் எட்டு. நூறு எழுதியும் யாரும் சீண்டவில்லை என்றால் பூஜ்யம்.

கஸ்தூரி நாலு அவரைக்காய்க்கு நார் உரிக்கும் நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "நான் இருவது வருசமா ஆக்கிப் போடறேன், எங்க மாமியா ஒருத்தர்கிட்ட கூட வாயத் தொறந்து சொன்னதில்ல. அப்ப எனுக்கு சைபராக்கா?"

நாவலூர் மூவர்

நாவலூரில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கும் மூன்று உதவிப் பேராசிரியர்கள் ஒரே காரில் வந்தார்கள். மூன்று பேருக்கும் எண் நன்றாக இருந்தது, சந்தேகப்படும்படி நன்றாக. பிரித்துப் பார்த்தால் முதலாமவரைச் சுட்டியவர்கள் மற்ற இருவர். இரண்டாமவரைச் சுட்டியவர்கள் மற்ற இருவர். மூன்றாமவரையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். உன் வீட்டு வளைகாப்புக்கு நான், என் வீட்டு வளைகாப்புக்கு நீ என்கிற ஏற்பாடு. ஒருவர் கான்கிரீட், ஒருவர் சாலை, ஒருவர் கழிவுநீர். கழிவுநீர்க் கட்டுரைக்குள் கான்கிரீட்காரர் எதற்கு வந்தார் என்று கேட்டேன்.

"ஒருத்தர் பேப்பர ஒருத்தர் படிக்கிறது தப்பா மேடம்?" என்றார் கான்கிரீட். சரி, கழிவுநீர்க் கட்டுரையில் என்ன முடிவு வந்தது, சொல்லுங்கள் என்றேன். மூவரும் என் மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் கழிவுநீர்தான் உண்மையைச் சொன்னார்: "படிக்க எங்க மேடம் டைம், எழுதவே பத்தல."

நாலு பேராக இருந்த ஷமீமா

ஷமீமா சதுரங்கப்பட்டினத்துப் பெண், என் வீட்டுக்காரர் துறையில் உதவிப் பேராசிரியர். கடலோரக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. பிளாஸ்டிக் பாட்டிலும் கயிறுமாகக் கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரை அவள் எட்டிப் பார்க்காத கிணறு கிடையாது. இணைப் பேராசிரியர் பதவிக்குக் கல்லூரி எட்டு என்று ஒரு கோடு போட்டிருந்தது. இவளுக்கு நாலு. இரண்டு தடவை ஃபைல் திரும்பிவிட்டது. இந்தத் தடவையும் திரும்பினால், அவள் ஒவ்வொரு கருவியாகச் சேர்த்து உண்டாக்கிய தண்ணீர் சோதனைக்கூடத்தின் பொறுப்பு, அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஒருவருக்குப் போய்விடும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை உட்கார்ந்தோம். அரைமணியில் எனக்குப் புரிந்துவிட்டது. நமக்கேது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. கல்யாணத்துக்கு முன் அப்பா மொஹிதீனின் எழுத்தைப் போட்டு எம். ஷமீமா. வெளிநாட்டு இதழ் முழுப்பெயர் கேட்டபோது ஷமீமா மொஹிதீன். கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் கபீரின் எழுத்து, கே. ஷமீமா. இன்னோர் இதழில் ஷமீமா பேகத்தின் பேகத்தையே குடும்பப் பெயராக்கி, எஸ். பேகம். கம்ப்யூட்டர் இவளை நாலு பெண்களாகப் பிரித்து வைத்திருந்தது. நாலில் ஒருத்திக்குத்தான் அந்த நாலு மார்க். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஃபாரத்துல காலியா வுட்டா ஒத்துக்கலக்கா. அத்தா பேரு போட்டாச்சு, அவரு பேரும் போட்டாச்சு. அடுத்த பேப்பருக்கு எம் பொண்ணு பேரத்தான் போடணும்."

நடுவில் வந்த பல் டாக்டர்

நாலு பேரையும் ஒருத்தியாக்கினோம். எண் ஒன்பது என்று வந்தது. என் வீட்டுக்காரர் போய் எல்லோருக்கும் காபி போட்டார், அதுவே ஒரு சரித்திரம். எனக்குத்தான் கை சும்மா இருக்காது. பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். அதிகம் சுட்டப்பட்ட இரண்டு கட்டுரைகள் கடைவாய்ப் பல் வேரைப் பற்றியவை. எந்த ஊரிலோ இன்னொரு எம். ஷமீமா பல் மருத்துவம் செய்துகொண்டிருக்கிறாள், அவள் உழைப்பும் இவள் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்தால் எண் ஏழு.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "யாரும்மா ஒவ்வொண்ணா படிக்கப் போறாங்க? கம்ப்யூட்டர் தானா சேத்ததுதானே, அப்படியே இருக்கட்டும்," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷமீமாவே மௌஸை இழுத்து இரண்டையும் நீக்கினாள். பிறகு ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எவனாச்சும் கன்னத்தப் புடிச்சிகினு லேபுக்கு வந்து நின்னா, நான் இன்னா சார் பண்றது?"

ஒரே ஒரு மேற்கோள்

ஏழு கட்டுரைகள் எட்டைத் தாண்டி நின்றன. எட்டாவது கட்டுரை மட்டும் ஏழு தடவைதான் சுட்டப்பட்டிருந்தது. ஒன்றே ஒன்று வேண்டும். ஷமீமா வகுப்புக்குப் போய்விட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கிணற்று உப்பு பற்றி யார் யாரோ எழுதிய கட்டுரைகளைத் திறந்து, கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். சாம்பார் ஒரு தடவை அடி பிடித்தது, இரண்டாம் நாள் சாம்பாரே வைக்கவில்லை.

புதன் மத்தியானம் அகப்பட்டது. ஒடிசாக் கரையோரக் கிணறுகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அதில் ஷமீமாவின் அந்த எட்டாவது கட்டுரையை ஒழுங்காகச் சுட்டியிருந்தார்கள், வருஷத்தை மட்டும் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதனால் கம்ப்யூட்டர் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தது. மேற்கோள் எண்ணும் அந்த இணையதளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஆறு வாரத்தில் கவனிப்போம் என்று இயந்திரப் பதில் வந்தது. எங்கள் பள்ளித் தலைமை சிஸ்டர் பெற்றோர்களுக்கு எழுதுவாரே, ஒரு சுடுசொல்லும் இல்லாமல் படிப்பவர் எழுந்து நிற்கிற மாதிரி, அப்படி இன்னொன்று எழுதினேன். ஒடிசாக் கட்டுரையின் மேற்கோள் பக்கம், ஷமீமா கட்டுரையின் முதல் பக்கம், இரண்டின் படமும் இணைத்தேன். வியாழன் மாலை திருத்திவிட்டு, மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்: "இத்தன வருஷமா இந்த இங்கிலீஷ் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்."

சதுரங்கப்பட்டினத்துத் தீர்ப்பு

வெள்ளிக்கிழமை ஃபைல் போனது, எட்டு என்ற எண்ணோடு. கோட்டைத் தொட்டதால் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் அந்த எட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். நெம்மேலிப் பக்கம் தான் வாங்கியிருக்கும் மனையில் கிணறு வெட்டினால் தண்ணீர் குடிக்க ஆகுமா என்று இருபது நிமிஷம் கேட்டாராம். அதற்கு ஷமீமாவிடம் பதில் இருந்தது, எத்தனை அடிக்குக் கீழே போகக்கூடாது என்பது வரை. பத்து நாளில் ஆர்டர் வந்தது. சோதனைக்கூடச் சாவி அவளிடமே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அம்மாவும் ஒரு டப்பா தம்ரூட் இனிப்போடு வந்தார்கள். அம்மா முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. மகள் கை கழுவ உள்ளே போகும்வரை காத்திருந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு சொன்னார்: "வேல உசந்துச்சு, சந்தோசம்மா. ஆனா இத்தினி வருசம் படிச்சி, கெணறு கெணறா அலைஞ்சி, எட்டுதான் வாங்குச்சாமே. ஸ்கூல்ல தொண்ணூறுக்குக் கொறையாத பொண்ணு அது. இன்னும் கொஞ்சம் கவனமா படின்னு நீதாம்மா அதுக்கு எடுத்துச் சொல்லணும்."

நானும் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டுத் தம்ரூட்டை எடுத்துக்கொண்டேன். பெற்றவளைவிடக் கறாரான தேர்வுக்குழுவை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் அமைத்ததில்லை.