மார்க்கண்டு புடுங்கிய கதியால்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். சண்டிலிப்பாய் மார்க்கண்டு முப்பத்திரண்டு வயது வரைக்கும் தனிக்கட்டையாகத் திரிந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட அவனுக்குச் சொல்ல வராது. பெரிய சத்தியவான் என்று எண்ணிவிட வேண்டாம். பொய் சொல்ல அவனுக்கும் ஆசைதான். ஆனால் கேள்வி காதில் விழுந்ததும் வாய் முந்திக்கொள்ளும். புத்தி பின்னால் ஓடிவந்து தலையில் அடித்துக்கொள்ளும்.

சின்ன வயதில் தகப்பனின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதித்தவன் அவன். இருபது வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஏழு வருடம் சொந்தக்காரர் ஒருவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே கார் ஓட்டப் பழகினான். திரும்பி வந்து அக்காள் புருசன் சீவரத்தினத்தோடு பங்குக்கு ஒரு பழைய ஒஸ்ரின் கார் வாங்கினான். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கலியாணத்துக்கு என்று அந்தப் பகுதிச் சனம் வாடகைக்குக் கூப்பிடுவது அந்தக் காரைத்தான். ஊரில் எல்லார் வீட்டு மாப்பிள்ளையையும் ஏற்றி இறக்கியவனுக்குத் தன் கலியாணம் மட்டும் சரிவரவில்லை.

முதலில் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், "கார் உம்மடை சொந்தமோ?" என்று கேட்டார்கள். "முன்பாதி என்ரை, பின்பாதி அத்தான்ரை" என்றான். அடுத்து வந்தவர்கள் கெட்ட பழக்கம் ஏதும் உண்டோ என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்கள். "சனிக்கிழமையிலை ஒரு போத்தல் கள்ளு" என்றான். மூன்றாவது கூட்டம் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தது. எப்படி என்று பெண்ணின் தாய் ஆசையாகக் கேட்டாள். எண்ணெய் காறல் மணக்கிறது என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தையும் தொலைத்தான். அக்காள் தங்கமுத்து அன்றிரவு சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் மார்க்கண்டு பெரிதாகக் கவலைப்பட்டவன் இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு பங்குனித் திங்கட்கிழமை ஒன்றில்தான் கவலை பிடித்தது. அன்றைக்கு மட்டுவில் அம்மன் கோயிலுக்கு வாடகைக்குப் போயிருந்தான். பொங்கல் வைக்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணின் அடுப்புக் கல்லைப் பக்கத்து அடுப்புக்காரர் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் சண்டைக்குப் போகவில்லை. அவர் பொங்கி இறக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து போய், "உது எங்கடை கல்லு" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வந்து தன் பானையை ஏற்றினாள். மார்க்கண்டு பார்த்துக்கொண்டே நின்றான். வீட்டுக்கு வந்ததும் நேரே அக்காளிடம் போனான்.

"அக்கா, எனக்கு அந்தப் பிள்ளையைத்தான் செய்து தரவேணும்."

தங்கமுத்து விசாரித்தாள். பிள்ளையின் பெயர் செல்வநாயகி. தகப்பன் ஆழ்வாப்பிள்ளை, வயலும் மாமரமும் உள்ள நல்ல மனிசன். ஆனால் சொன்னவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள்: அவரோடு எதைக் கதைத்தாலும் வேலிக் கதை மட்டும் கதைக்கக் கூடாது.

ஆழ்வாப்பிள்ளைக்கும் பக்கத்து வளவுத் தம்பிஐயாவுக்கும் நடுவே ஓடும் வேலி, குறுகிய ஒழுங்கைத் தெருவில் வந்து முட்டும் மூலையில் ஒரு கதியால் நின்றது. வேலிக்கு உயிர்த்தூணாக நடும் கிளுவைத் தடிதான். அதைத் தம்பிஐயா ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார் என்று இவர் வழக்குப் போட, இவர்தான் நட்டார் என்று அவர் எதிர்வழக்குப் போட, பதினொரு வருடம் கோட்டுக்கு நடந்தார்கள். அந்த ஐப்பசியில்தான் தீர்ப்பாகி, நிலஅளவைக்காரர் வந்து அளந்து, ஊர் விதானையார் முன்னிலையில் புதுக் கதியால் ஒன்று நடப்பட்டது. ஆழ்வாப்பிள்ளை தினமும் காலையில் கோயிலுக்குப் போகமுதல் அதைத்தான் போய்ப் பார்ப்பாராம்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்து, பெண் பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தது. அதிலே ஒரு சிக்கல். பெண் பார்க்கப் போவது பெரியவர்களுடைய வேலை. மாப்பிள்ளை போவது வழக்கமில்லை. ஆனால் அந்தக் காரை ஓட்டத் தெரிந்தவன் மாப்பிள்ளை ஒருத்தன்தான். தங்கமுத்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"நீ றைவர். காருக்கை இரு. இறங்கக்கூடாது. ஆரும் கேட்டால் றைவர் எண்டு சொல்லு. அது பொய்யில்லைத்தானே?"

"பொய்யில்லை."

"அதுக்கு மேலை ஒரு சொல்லுச் சொன்னியோ, இனி உனக்கு நான் கலியாணம் பேசமாட்டன். சத்தியமாய்ச் சொல்லுறன்."

மார்க்கண்டு பயந்துபோனான். அக்காள் சத்தியம் செய்தால் மாறுகிறவள் அல்ல. அவனுக்கும் வேறு பெண் வேண்டாம்.

சண்டிலிப்பாயின் செம்பாட்டு மண் ஒளிவுமறைவு இல்லாதது. ஈரம் என்றால் பார்த்தவுடனே தெரியும். மட்டுவில் இருக்கும் தென்மராட்சி மண் அப்படியல்ல. மேலே பால்போல வெள்ளை மணல், அடியிலே களி. ஆழ்வாப்பிள்ளையின் ஒழுங்கையில், வாசல் படலைக்கு ஐம்பது கெஜம் முன்னே, அந்த மூலையடியில் ஒஸ்ரினின் பின்சில்லு இறங்கியது. மார்க்கண்டு கியரைப் போட்டு மிதித்தான். சில்லு சுழன்றது, கார் நகரவில்லை. இன்னும் மிதித்தான். இன்னும் தாழ்ந்தது.

"நல்ல சகுனம்!" என்று தங்கமுத்து சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "நேரம் போகுது. நாங்கள் நடந்து போறம். நீ இதை எடுத்து வை. வாய் கவனம்!" சீவரத்தினம் மச்சானைப் பார்த்து அனுதாபமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மனைவிக்குப் பின்னால் போனார்.

மார்க்கண்டு சுற்றிப் பார்த்தான். ஒரு பக்கம் வெள்ளம் நிற்கும் வயல், மறுபக்கம் வேலி. சில்லுக்குக் கீழே போட ஒரு காவோலைகூட இல்லை. வேலியிலிருந்து நாலு தென்னோலைக் கிடுகை உருவினான். அவை போதவில்லை. காரைக் கெம்பித் தூக்க ஒரு தடி வேண்டும். கதியால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். எல்லாம் வேர்விட்டு இறுகி நின்றன. மூலையில் நின்ற ஒன்றுதான் பால்பல் போல ஆடியது. பிடித்து இழுக்க, கையோடு வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் அடுத்தவன் வேலியில் கதியால் புடுங்கலாமா? அதுவும் பட்டப்பகலில்? ஏழு வருடம் வேலியில்லாத நாட்டில் இருந்தவனுக்கு அது மறந்துபோயிற்று என்றுதான் சொல்லவேண்டும். தடியைச் சில்லடியில் கொடுத்துக் கெம்பினான். படீரென்று இரண்டாக முறிந்தது. இரண்டு துண்டையும் சில்லுக்குக் கீழே செருகினான். காரை மிதித்தான். தடியும் கிடுகும் சேற்றுக்குள் போய் மறைந்தன. கார் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஆரது வேலிக்கை?"

கிடுகு உருவிய ஓட்டைக்குள்ளே ஒரு முகம். பெரியவர்கள் கூப்பிடும்வரை குசினிக்குள் இரு என்று சொல்லிவிட்டிருக்க, கார் பார்க்கக் கொல்லைப்பக்கத்தால் வந்துவிட்ட செல்வநாயகி. முழங்கை வரைக்கும் மாவு.

"நான்... றைவர்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள்ளையைத் தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம். நல்லாத் தெரியும்."

"ஆள் எப்பிடி?"

எல்லா வாசலையும் அடைத்த தங்கமுத்து இந்த ஓட்டையை அடைக்க மறந்துவிட்டாள். மார்க்கண்டு பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை.

"முன்பக்கம் தலைமயிர் கொட்டத் துவங்கீட்டுது."

"ம்."

"சனிக்கிழமையிலை ஒரு போத்தல் கள்ளுக் குடிக்கிறவர்."

"ஒண்டுதானோ?"

"ஒண்டுதான். காரும் முழுக்க அவற்றை இல்லை. முன்பாதிதான் அவற்றை. பின்பாதி அவற்றை அத்தான்ரை."

"இப்ப புதைஞ்சு கிடக்கிறது பின்பாதியெல்லே? அப்ப மாப்பிள்ளைக்குக் கவலையில்லை" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லது எண்டு சொல்ல ஒண்டும் இல்லையோ?"

மார்க்கண்டு யோசித்தான்.

"நல்லாச் சமைப்பார். உங்களைப் பங்குனித் திங்களிலை கோயிலிலை கண்டவர். அண்டு துவக்கம் அவருக்கு வேறை நினைப்பில்லை."

செல்வநாயகியின் சிரிப்பு நின்றது. சேற்றில் குளித்து நின்ற றைவரை முதல்தடவையாக நன்றாகப் பார்த்தாள். அவள் கண் அவன் நெற்றிக்கு மேலே போய், மயிர் தொடங்கும் இடம்வரை நிதானமாக ஏறி, அங்கேயே நின்றது. அவள் முகம் சிவந்தது. என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் அவள் பார்வை வேலி மூலைக்குப் போய்விட்டது.

"ஐயோ! மூலைக் கதியால் எங்கை?"

"சில்லுக்குக் கீழை" என்றான் மார்க்கண்டு. சொன்ன பிறகுதான் ஊரார் சொன்ன வேலிக் கதை அவன் புத்திக்கு வந்து சேர்ந்தது.

கதியால் நின்ற குழியைத் தேடினார்கள். சில்லு உழுத இடத்தில் குழியுமில்லை, குறியுமில்லை. எல்லாம் ஒரே குழம்பு. வீட்டுப் பக்கம் படலை திறக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றாள் அவள் அவசரமாக. "தம்பிஐயா சித்தப்பாதான் புடுங்கினவர் எண்டு அப்பு நினைப்பார். அது வழக்கம்தான்."

ஆழ்வாப்பிள்ளை நல்ல சந்தோசமாகத்தான் வந்தார். உள்ளே பேச்சு முற்றாகிற தறுவாயில் இருந்தது. சேற்றில் நிற்கும் காருக்குக் கை கொடுக்கச் சீவரத்தினத்தோடு வெளிக்கிட்டவர், மூலையைக் கண்டதும் நின்றார். துவாயை உதறித் தோளில் போட்டார்.

"எட தம்பிஐயா! அறுவானே! வாடா வெளியாலை!"

தம்பிஐயா வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சத்தியமா நான் தொடேல்லை!"

"பதினொரு வரியமா உதைத்தானே சொல்லுறாய்! நாளைக்கே கோட்டுக்கு இழுக்கிறன் பார். இன்னும் பதினொரு வரியம் எண்டாலும் நான் விடன்!"

தங்கமுத்து தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலே கெஞ்சினாள். வேலிக்குப் பின்னால் செல்வநாயகி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் தை மாதம் கலியாணம். அந்தப் பாவப்பட்ட தம்பிஐயாவுக்கு இன்னொரு வழக்கு; அவ்வளவுதான். அவருக்கென்ன, பழகிப்போன மனிசன். மார்க்கண்டு தன் ஆயுளில் அன்றைக்குப் போல ஒருநாளும் ஊமையாக இருக்க ஆசைப்பட்டதில்லை.

"நான்தான் புடுங்கினனான்" என்றான்.

ஆழ்வாப்பிள்ளை திரும்பினார். "நீ ஆரடா?"

"றைவர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாப்பிள்ளையும் நான்தான்."

தங்கமுத்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நாலாவது சம்பந்தமும் போயிற்று.

ஆழ்வாப்பிள்ளை காரடிக்கு வந்தார். அதன் முன்சில்லுக்கு மேலே மட்காட்டில் மெல்ல உட்கார்ந்தார். மார்க்கண்டுவையே பார்த்தபடி இருந்தார். பிறகு பேசியது சண்டைக்குரல் இல்லை.

"தம்பி, பதினொரு வரியம் கோட்டுக்குப் போனன். எத்தினை தவணை, வாதாட எத்தினை பிரக்கிராசி, எத்தினை சாட்சி! ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'நான்தான் புடுங்கினன்' எண்டு சொல்லி நான் கேட்டதில்லை." நிறுத்தினார். "நான்கூடச் சொல்லேல்லை."

ஒழுங்கையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. தம்பிஐயாவுக்கும் கேட்டது. அவர் வேட்டியைத் திரும்பவும் இறுக்கினார்.

"அண்ணை" என்றார் கடைசியில். பதினொரு வருடத்தில் அவர் அந்த முறை சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். "முதல் நீங்கள் தள்ளினது மெய்தான். பிறகு நானும் ஒருக்கால் தள்ளினனான்."

"எனக்குத் தெரியும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

பிறகு ஆழ்வாப்பிள்ளை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தோளைக் குடு!" அது தம்பிஐயாவுக்கு. சீவரத்தினம் ஒரு பக்கம், வழக்காளியும் எதிரியும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு மறுபக்கம். செல்வநாயகி தன் கையாலேயே இன்னும் ஆறு கிடுகு உருவிக் கொடுத்தாள். ஒரு உன்னலில் ஒஸ்ரின் சேற்றை எல்லார் மேலும் இறைத்துவிட்டு வெளியே வந்தது.

சேற்றுக்குள் கிடந்த கதியாலின் பெரிய துண்டை மார்க்கண்டு எடுத்துக் கழுவினான். ஆழ்வாப்பிள்ளை மூலையைக் காட்டினார்.

"நீர்தான் புடுங்கினனீர். நீரே நடும்."

"இடம் எனக்குத் தெரியாது, ஐயா."

"தெரியும் எண்டு சொன்னவங்கள் எல்லாரும் பொய்தான் சொன்னவங்கள். நீர் நடும்."

மார்க்கண்டு ஒரு இடத்தில் ஊன்றிப் பார்த்தான். ஆழ்வாப்பிள்ளை தம்பிஐயாவைப் பார்த்தார். தம்பிஐயா ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில், "உதிலையே நடும்" என்றார்கள்.

அந்த அரைக் கதியால் மார்கழி மழைக்குத் துளிர்விட்டது. தை மாதம் கலியாணம் நடந்தது. முன்பாதி மாப்பிள்ளைக்கும் பின்பாதி அத்தானுக்கும் சொந்தமான காரில் பெண் சண்டிலிப்பாய்க்குப் போனாள். அதன் பிறகு ஆழ்வாப்பிள்ளை கோட்டுப் பக்கம் போகவேயில்லை. சந்தையிலோ கோயிலிலோ யாராவது மருமகனைக் காட்டி இவர் ஆர் என்று கேட்டால், கார்க்காரர் என்றோ மலாயாவில் இருந்து வந்தவர் என்றோ அவர் சொல்வதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்வார்:

"என்ரை மருமோன். என்ரை மூலைக் கதியாலைப் புடுங்கினவர்."