புசல்லாவை வரை போன நட்

வண்டி நேராக ஓடினால் ஓட்டுநரின் கெட்டித்தனம், ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்காரனின் பிழை: இதுதான் எங்கள் தொழில். கெலிஓயாவில் பதினொரு வருடமாக இதில் கிடந்து உழல்கிறேன். எங்கள் ஊரில் ஸ்பானர் பிடிக்கிற எவனையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் பெரிது. கடைக்கு முதலாளி வேறு ஆள்; ஏச்சு வாங்குவதற்கு மட்டும்தான் நான் பாஸ்.

வேலை என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று உங்கள் கால் பெருவிரல்களைப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும், அல்லது வெளியே. முன் சக்கரங்களும் அப்படித்தான். அந்தத் திருப்பத்தைத்தான் டோ என்கிறோம். அது ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் டயர் ஓரம் தேயத் தொடங்கிவிடும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு கம்பியைத் திருகி அதைச் சரிசெய்வோம். அந்தக் கம்பி பிறகு தானாகத் திரும்பிவிடாமல் லொக் நட் என்கிற ஒன்றை இறுக்குவோம். இவ்வளவுதான் வேலை. இதில் ஒரே நாளில் நான் பட்ட பாட்டை, வேலைக்குப் போய் ஏச்சு வாங்கிப் பழகிய உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மாஸ்டரின் ஸ்டியரிங்

அன்றைக்கு முதல் வண்டி பிலிமத்தலாவை அந்தோனி மாஸ்டருடைய சின்னக் கார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டோ அளப்பதற்கு முன் ஸ்டியரிங்கை நேராக வைத்து, அசையாமல் இருக்க ஒரு கம்பியை முட்டுக்கொடுப்போம். மாஸ்டர் சீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கெஞ்சி இறக்கினேன். இறங்கும்போது அதே ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்கினார். அது ஒரு விரல் அளவு திரும்பியதை நான் கவனிக்கவில்லை. கோணலாக நின்ற ஸ்டியரிங்கை நேர் என்று நம்பி முட்டுக்கொடுத்து, இரண்டு சக்கரத்தையும் அளந்து சரிசெய்து முடித்தேன்.

போகும்போது கண்ணாடியை இறக்கி, விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்: "நான் நாப்பது வருஷம் கணக்குப் படிப்பிச்சவன். கோணம் பிசகினா எனக்கு உடனே தெரியும், பாஸ்."

பதினொரு பேர்

அடுத்தது நசீர் நானாவின் வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார், மற்ற நேரம் வாடகைக்கு ஹயர் ஓடுவார். முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மொட்டையாகிக் கொண்டிருந்தன. கல்யாணம் பேசப் போகிற ஒரு குடும்பத்தை அன்றைக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, இறம்பொடை வளைவுகளில் ஏற வேண்டிய பாதை. அந்த வளைவுகளில் வலது பக்கமா இடது பக்கமா, எந்தப் பக்கம் பார்த்தாலும் பள்ளம்தான்.

"நாளைக்கு வாங்களேன் நானா, ஆறுதலாச் செய்வோம்" என்றேன். அவர் கையிலிருந்த மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்: "அரை மணித்தியாலம் தாறேன் பாஸ். பதினொரு பேர் சாரி கட்டி, சட்டை போட்டு ரோட்டுல நிக்கிறாங்க. சுணங்கினா என்னை உட மாட்டாங்க."

பச்சை

இடது சக்கரம் சொன்னபடி கேட்டது. அளவெடுக்கிற மெஷினின் திரையில் பிழை என்று சிவப்பாக இருந்த எண், சரி என்று பச்சையானது, நட்டை இறுக்கினேன், பச்சையாகவே நின்றது. வலதுதான் வம்பு. பச்சை வந்ததும் நட்டை இறுக்கினேன். நட்டோடு சேர்ந்து கம்பியும் துளி திரும்பி, எண் மறுபடி சிவப்புக்குப் போனது. இது எங்களுக்குத் தினமும் நடப்பதுதான். நட்டைத் திரும்பவும் தளர்த்தி, கம்பியைத் திருகிப் பச்சைக்குக் கொண்டுவந்தேன். இனி இறுக்குவதுதான் பாக்கி.

அந்த நேரம் வாசலில் ஹோர்ன். விட்டுவிட்டு அடிக்கவில்லை, ஒரே மூச்சாக அடித்தது. மாஸ்டர்! காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்தினார். ஸ்பானரும் கையுமாக ஓடினேன். நான் ஓடிய பிறகு முதலாளி திரையைப் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் பச்சை. பாஸ் வேலையை முடித்துவிட்டான் என்று நினைத்து, சக்கரத்தில் மாட்டியிருந்த கருவிகளைத் தானே கழற்றி, அளவுத் தாளையும் அச்செடுத்துக் கொடுத்து நசீர் நானாவை அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும்தான் அந்தத் திரைக்குத் தெரியும். நட் இறுகியிருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

வேன் வெளியேறிய சத்தம்கூட என் காதில் விழவில்லை. மாஸ்டர் காதுக்குள்ளேயே நின்றார்: "வண்டி நேராப் போகுது, ஸ்டியரிங்கும் நானும்தான் கோணலாப் போறோம். இதுக்கு என்ன சொல்றீங்க?"

எடுக்காத போன்

மாஸ்டரின் காரை மறுபடி மேடையில் ஏற்றி, ஸ்டியரிங்கை நேராக்கி, டோவை அளந்து, கடைசியில் நட்டை இறுக்கினேன். ஸ்பானர் 'கிறுக்' என்று நின்ற அந்த நொடியில் எனக்கு வேர்த்தது. இந்தக் 'கிறுக்'கை நசீர் நானாவின் வலது சக்கரத்தில் கேட்டேனா? தளர்த்தியது நினைவிருந்தது. பச்சை வந்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஹோர்ன்தான் நினைவிருந்தது.

நசீர் நானாவுக்கு ஏழு தடவை போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாத மனிதர், அதற்காகவே தாய்மார் அவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன். படித்தவர்கள் சொல்வார்கள், தளர்ந்த நட் உடனே கழன்று விழாது, வேன் கொஞ்சம் ஆடும், டோ மெல்ல மெல்லத்தான் மாறும் என்று. பதினொரு பேரையும் ஒரு ஓட்டுநரையும் இறம்பொடையில் வைத்து அந்தக் கணக்கைச் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. மோட்டார்சைக்கிள் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்: "இப்ப ஓடு. வந்த பிறகு ஏசுறேன்."

தேத்தண்ணிக் கடை

கம்பளை டவுனில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அதைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், எதிரே வந்த ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு லொறிக்காரர் இரண்டு தடவை லைட் அடித்தார். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்றும் அர்த்தம், முன்னால் விபத்து என்றும் அர்த்தம். அடுத்த வளைவு வரும்வரை எனக்கு உயிர் இல்லை. வளைவில் பொலிஸ்தான் நின்றது. பொலிஸைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மோட்டார்சைக்கிள்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புசல்லாவையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் வேன் நின்றது. பட்டுச்சாரிகள் வட்டமாக நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஸ்பானரோடு ரோட்டோரத்தில் மல்லாந்து, வேனுக்கு அடியில் நுழைந்தேன். வலது நட் இரண்டு விரலால் திருகியதுமே சுழன்றது. பக்கத்தில் குனிந்த நசீர் நானாவும் அதைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. நல்லவேளை, கம்பி சொல்லும்படி திரும்பியிருக்கவில்லை. இறுக்கினேன். இன்னொரு தடவை இறுக்கினேன். நம்பிக்கை இல்லாமல் இடது பக்கமும் போய்ப் பார்த்தேன். வெளியே வந்து ஸ்பானரை இடுப்பில் செருகினேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா போல ஒருவர், என் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா? ரோட்டுக்கே தேடி வந்து செக் பண்ணிட்டுப் போறாங்க. வேலைன்னா இப்படிச் செய்யணும்!"

மறுபடியும் அளக்க

முதலாளி சொன்ன சொல் தவறாதவர், அன்று மாலை முழுவதும் ஏசினார். அது எனக்கு வலிக்கவில்லை. நசீர் நானா ஒரு வார்த்தையும் ஏசாமல் மலையேறிப் போனதுதான் வலித்தது. டோவை மறுபடி அளக்க வாங்க என்று புசல்லாவையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவர் வேன் எங்கள் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதில் இருக்கிற பிள்ளைகளை எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, தொப்பியோடு வந்து வேனை மேடையில் ஏற்றினார். அளந்தேன். ஒரு தடவைக்கு நாலு தடவை இறுக்கினேன். பிறகு அவர் முன்னால் போய் நின்று, "என்னை மன்னிச்சிருங்க நானா. நீங்க இனி வர மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

அவர் குனிந்து, வலது நட்டைத் தன் கையால் ஒரு முறை திருகிப் பார்த்துக்கொண்டார். "வேற எடத்துலயும் மனுசன்தானே வேலை செய்றான் பாஸ், அவனும் பிழை உடுவான்" என்றார். "ஆனா அவன் என்னைத் தேடிப் பொறத்தால வருவானான்னு எனக்குத் தெரியாதே."

ஆக, அலைன்மென்ட் என்பது மில்லிமீட்டரில் அளக்கிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், நான் அதை மோட்டார்சைக்கிளில் கிலோமீட்டர் கணக்கில் அளந்து பார்த்தவன்.