எறிபவரை மாற்ற முடியாது

லண்டனில் எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் ஆடிய எல்லேச் சுற்றுப்போட்டி இரண்டு கோடைகளே உயிரோடு இருந்தது. அது ஏன் நின்றது என்பதற்குக் கலியாண வீடுகளில் இன்னமும் ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. அதன் தலைவராகவும் நடுவராகவும் இருந்தவன் நான். சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட உண்மையல்ல.

எல்லே அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டென்னிஸ் பந்தை மூங்கில் தடியால் அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி ஓடிவர வேண்டும். நோர்பரிப் பூங்காவில் நாயோடு உலாவும் வெள்ளைக்காரர்கள் இதை பேஸ்போல் என்று எண்ணி நின்று பார்ப்பார்கள். ஆனால் பேஸ்போலில் பந்தை எறிபவர் எதிரணிக்காரர். எல்லேயில் அவர் அடிப்பவரின் சொந்த அணிக்காரர். தன் ஆட்களுக்கு வசதியாகப் போட்டுக் கொடுப்பதே அவருடைய வேலை. ஒருவருக்கு மூன்று பந்துகள். மூன்றும் தவறினால் அவர் வெளியே. முதற்கோடையில் தவறவிட்ட ஒவ்வொருவரும் எறிபவரைக் குறைகூறி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எனவே நான் ஒரு விதி செய்தேன்: ஆட்டம் தொடங்கிய பின், காயம்பட்டாலன்றி எறிபவரை மாற்ற முடியாது.

இரண்டாவது கோடையில் எங்கள் கல்லூரி அணிக்கு எறிய வந்தவர் ஒரு பட்டயக் கணக்காளர். கல்லூரியில் உயர்தரம்வரை படித்தவர். தமிழர் எவருமில்லாத வடக்கு நகரமொன்றில் நெடுங்காலம் இருந்துவிட்டு, அந்த ஆண்டுதான் நோர்பரியில் வீடு வாங்கினார்.

"இரண்டு பெட்டையளும் எங்கட சனத்துக்குள்ள வளரட்டும் எண்டுதான் அண்ணை வந்தனான்" என்று முதல்நாளே என்னிடம் சொன்னார். அவர் போட்டுக்கொடுத்த பந்துகளை, ஓடவே தெரியாத எங்கள் அணித்தலைவர்கூட வேலிக்கு வெளியே அடித்தார். அணித்தலைவர் ஒரு பல் வைத்தியர். அரையிறுதி வரை நாங்கள் தோற்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அணி முழுவதும் ஒருவர் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அரையிறுதிக்குப் பிறகு கணக்காளரின் முறை. அதற்கு முந்திய கிழமை பல் வைத்தியர் ஊரிலிருந்த தம் மாமாவுக்குப் போன் எடுத்து அவரைப் பற்றி விசாரித்திருந்தார். எங்களுக்குள் சாதியை எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள். பிறகு, அந்த ஊரில் எந்தக் கோவிலடி என்பார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலோடு எல்லாம் தீர்ந்துவிடும்.

கணக்காளர் வீட்டு மேசையில் ஆட்டுக்கறி, நண்டு, இடியப்பம், சொதி. எல்லோரும் கால்களை ஒடுக்கிச் சோபாக்களில் இருந்தார்கள். எழுந்து சாப்பாட்டுக் கோப்பையெடுத்தவர் இல்லை.

"நல்லூர் விரதம், தங்கச்சி" என்றார் பல் வைத்தியர்.

"கொடி வாற கிழமைதானே ஏறுது?" என்றார் கணக்காளரின் மனைவி. அவரும் ஆண்டுதோறும் அதே விரதம் பிடிப்பவர்.

"நாங்கள் கொஞ்சம் முந்தியே தொடங்கிறனாங்கள்."

"மரக்கறியும் இருக்கு, அண்ணை. வேற சட்டியில சமைச்சனான்."

பல் வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவருக்கு ஷிப்ட் ஞாபகம் வந்தது; இன்னொருவருக்கு டூட்டிங்கில் மாமியார். கணக்காளரின் மனைவி போத்தல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதையும் மூடி திறக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நான் சாப்பிட்டேன். இதைப் பெருமையாக எழுதவில்லை. விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவது என் வீட்டில் எவருக்கும் பழக்கமில்லை. எனக்கு நண்டு போட்டவள் மூத்த மகள். மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று அவள் தகப்பனை ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் எனக்குச் சொதி ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். லண்டனின் மறுகோடி எட்மண்டனிலிருந்து வந்த இன்னொரு பள்ளிக்கூடத்து அணி எதிரே நின்றது. கணக்காளர் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் முன்பே வந்து, மனைவியையும் மகள்மாரையும் கம்பளத்தில் இருத்தியிருந்தார். வழக்கம்போல எறிய நின்றார்.

முதலாவது ஆளுக்கு மூன்று பந்துகளும் தடிக்கு ஒரு சாண் மேலே போயின. இரண்டாவது ஆளுக்கு முழங்காலடியில் வந்து தாழ்ந்தன. எல்லாம் மெதுவான, மரியாதையான பந்துகள். எட்டிவிடும் போலிருக்கும், தடி எட்டாது. நான்கு பேர் ஓட்டமின்றி வெளியேறிய பின் பல் வைத்தியர் தடியோடு வந்தார். முதற்பந்துக்கு வீசிய வேகத்தில் தாமே சுழன்று விழுந்தார்.

"டொக்டர், பல்லுப் புடுங்கிற மாதிரி இழுக்காதேங்கோ" என்றார் எட்மண்டன்காரர் ஒருவர்.

"பந்துக்கு விறைப்பூசி போட்டிட்டு அடியுங்கோவன்" என்றார் மற்றவர்.

பல் வைத்தியர் புல் ஒட்டிய காற்சட்டையோடு என்னிடம் வந்தார். "அண்ணை, இவரை மாத்துங்கோ."

"காயமோ?"

"காயமில்லை. வேணுமெண்டு எறியிறார்."

"அப்ப ஏலாது."

"நீங்களும் எங்கட கல்லூரிதானே, அண்ணை."

"அதாலதான் விதியை வாசிக்கத் தெரியும். போய் நில்லும்."

அவர் போய் நின்றார். மிகுதி இரண்டு பந்துகளும் அவருடைய காதை உரசாமல் உரசிப் போயின. அவருடைய மாமனார் உட்பட அரைவாசி நோர்பரி பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே இன்பம் அது. எங்கள் கல்லூரி ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. கம்பளத்தில் இருந்த கணக்காளரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வென்ற அணியின் தலைவர் எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சிரிப்பு அடங்காமல் ஓடிவந்து கணக்காளரின் தோளில் கை போட்டார்.

"என்ன கை அண்ணை இது. வாற வருசம் எங்களுக்கு எறியுங்கோ. எங்கட பள்ளிக்கூடம் எண்டு பொய் சொல்லியெண்டாலும் சேர்க்கிறன்."

"ஓம், வாறன்." கணக்காளரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இவவும் பிள்ளையளும் வருவினம்."

"பிறகென்ன, குடும்பமா வாங்கோ. எந்த ஊர் நீங்கள்?"

அவர் ஊரைச் சொன்னார்.

"அட, எங்கட பெரியம்மா அங்கைதான் கட்டினவ. எந்தக் கோவிலடி?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் எத்தனையோ கோவில்கள் உண்டு. அவர் தம்முடைய கோவிலையே சொன்னார்.

தோளிலிருந்த கை உடனே விலகவில்லை; அந்தளவுக்கு நாகரிகம் இருந்தது. "நல்லது, நல்லது. கிண்ணத்தோட படம் எடுக்கக் கூப்பிடுகினம், இந்தா வாறன்" என்று போனவர் திரும்பி வரவில்லை. மனைவி பாதிவழி வந்து நின்றார். கணக்காளர் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கம்பளத்தை மடிக்கத் தொடங்கினார்.

மாரிக்குளிர் முடியுமுன் அவருடைய வீட்டின் முன்னே விற்பனைப் பலகை நட்டார்கள். பழைய வடக்கு நகரத்துக்கே திரும்பிப் போனதாகக் கேள்வி. சித்திரையில் பல் வைத்தியர் போன் எடுத்தார்.

"அந்தாள் போயிட்டார் அண்ணை. இனிப் பிரச்சினையில்லை, துவங்கலாம். எட்மண்டன்காரரும் ஓம் எண்டிட்டினம்."

கவுன்சிலில் அந்தக் கோடைக்கெனப் பூங்காவில் ஆட நான் பதிந்துவைத்திருந்த ஞாயிறுகள் அனைத்தையும் அன்றே விட்டுக்கொடுத்தேன்.