இடது காலும் ஹேவ்லாக் படகும்

இந்தப் பயணத்துக்கு நான் தனியாகப் போகத்தான் நினைத்திருந்தேன். செமஸ்டர் விடுமுறையில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல், அங்கிருந்து ஹேவ்லாக் தீவு. "கல்பனாவையும் கூட்டிட்டுப் போயேன்" என்றார் கணவர். கல்பனா அவருடைய தங்கை.

கப்பலில் அறுபத்தாறு மணி நேரம். நான் படுக்கையில் சாய்ந்து புத்தகம் படித்தேன். அவள் மேல்தளத்தில் சுற்றிச் சுற்றி நடந்து, மூன்றாம் நாளுக்குள் சமையற்காரர் வரைக்கும் பழகிவிட்டாள். மீன் வறுவல் அவளுக்கு மட்டும் இரண்டு துண்டு. கவனித்தேன்.

போர்ட் பிளேரில் இறங்கி, டெலானிபூர் விடுதியில் மறுநாள் காலை என் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் ஏழு மணி ஹேவ்லாக் படகில் அவள் மட்டும் போய்விடுவாளே. தைலம் தேய்த்துக்கொண்டேன். அபர்டீன் பஜாரில் ஆட்டோவில் ஏறும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, ஒரு கால் மட்டும் ஏன் இப்படி?"

"செருப்பு கடிச்சிருக்கும்."

"முழங்கால் வரைக்குமா கடிக்கும்?"

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "டீக் நஹி அக்கா, இது சரியில்ல. சலோ, ஸ்கேன் எடுத்துடுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் எண்பது ரூபா, பத்து நிமிஷத்துல போயிடலாம்."

கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். கல்பனா ஏற்கெனவே சரி என்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் இங்கேயே பிறந்த இளம்பெண். ஜெல் தடவி, தொடையிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கருவியை அழுத்திக்கொண்டே வந்தார். முதலில் வலது கால். திரையில் தெரிந்த கறுப்பு வட்டம்தான் ரத்தக்குழாயாம். அழுத்தும்போதெல்லாம் தட்டையாகி மறைந்தது. பிறகு இடது. முழங்காலுக்குப் பின்னால் வட்டம் வட்டமாகவே நின்றது. என் வலது காலின் மீதே எனக்குப் பொறாமை வந்தது.

"அமுங்கல மேடம். உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கு. ஷிப்ல உக்காந்தே வந்தீங்களா?"

"நான் நடக்கக் கூப்பிட்டேன் டாக்டர், வரல" என்றாள் கல்பனா.

"தேச்சீங்களா?"

"ஆமாம்."

"அரே! கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

"நாளைக்கு ஹேவ்லாக்?"

"பில்குல் நஹி, போகவே கூடாது. இன்னிக்கே அட்மிட், ஊசி."

கல்பனாவிடம் நீ போய் வா என்றேன். போக மாட்டாள் என்று நம்பித்தான் சொன்னேன். நான்கு தடவை கேட்டாள், நான்கு தடவையும் போ என்றேன். ஐந்தாவது தடவை அவள் கேட்கவில்லை.

கப்பலில் வருபவர்களுக்கு: மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்காதீர்கள், மறைக்காதீர்கள். ஸ்கேனுக்கு இருபது நிமிடம், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். வலி இல்லை.

இப்போது மறுநாள் மாலை நான்கு மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எழுதுகிறேன். ஹேவ்லாக் கடற்கரையிலிருந்து கல்பனா படம் அனுப்பியிருக்கிறாள். இரண்டு கால்களும் தண்ணீரில். அவள் பார்த்திராவிட்டால் நானும் அந்தப் படகில் ஏறியிருப்பேன், இந்தக் காலோடு. அதை அவளிடம் சொல்ல வேண்டும். முதலில் படத்துக்கு ஏதாவது பதில் போட வேண்டும். இன்னும் போடவில்லை.